கால்மாட்டு மண்

1

எங்கள் ஊர்த் துரைராசுவுக்குப் பொன்னாடை போர்த்தும் படம் என் கைப்பேசிக்கு வந்தபோது, வேலைக்குப் போவதற்காகப் பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். இங்கே பேருந்து சொன்ன நேரத்துக்கு வரும். வராவிட்டால் ஏன் வரவில்லை என்று பலகையில் எழுத்து ஓடும். அன்றைக்கு ஒழுங்காகத்தான் வந்தது. நான்தான் ஏறவில்லை.

படத்தில் ஒரு தனியார் கல்லூரியின் மேடை. பின்னால் பிளக்ஸ் பேனர். அதில் ஒரு நுண்ணோக்கி, ஒரு பச்சை வயல், "பெரம்பலூர் மண்ணில் உயிர்காக்கும் புதிய மருந்து" என்று கொட்டை எழுத்து. நடுவில் துரைராசு, மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியில். அறிவியலுக்குத் தொண்டு செய்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பக்கத்தில் சால்வையின் நுனியைப் பிடித்தபடி, அந்தக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் இருக்கும் கதிரேசன் சார். படத்துக்குக் கீழே என் அக்கா ஒரே வரி எழுதியிருந்தாள்.

"நம்ம சுடுகாட்டு மண்ணுக்கு இந்தாளுக்கு எதுக்குடா சால்வை?"

வெளிநாட்டில் இருப்பவன் எழுதினால் பனியைப் பற்றியும் இட்லி மாவு புளிக்காததைப் பற்றியும் எழுதுவான் என்று எதிர்பார்ப்பீர்கள். பனி பெய்கிறது, மாவும் புளிக்கவில்லை. ஆனால் அக்கா கேட்ட இந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை சரியான பதில் சொல்லவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

2

தென் ஜெர்மனியில் ஒரு நடுத்தர ஊரில், ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். மண்ணில் வாழும் பாக்டீரியாக்களின் மரபணுவைப் படித்து, அதற்குள் புதிய ஆன்டிபயாட்டிக் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடுவது என் வேலை. பழைய மருந்துகளுக்கெல்லாம் கிருமிகள் பழகிவிட்டன. ஆஸ்பத்திரிகளில் எந்த மருந்துக்கும் மசியாத கிருமிகள் வந்துவிட்டன. புதிதாக ஒன்று வேண்டும்.

மண்ணில் ஒரு வகைப் பாக்டீரியா இழை இழையாக வளரும். இன்றைக்கு நாம் விழுங்கும் ஆன்டிபயாட்டிக்குகளில் பல, இந்த வகை கொடுத்தவைதான். முதல் மழைக்கு மண்வாசனை என்று உருகுகிறோமே, அதுவும் இது விடுகிற வேதிப்பொருள்தான். இங்கே தமிழர் கூட்டங்களில் யாராவது மண்வாசனை என்று ஆரம்பித்தால் நான் டீ எடுக்கப் போய்விடுவேன்.

முன்பெல்லாம் இவற்றைத் தட்டில் வளர்த்து, எது மற்றக் கிருமியைக் கொல்கிறது என்று பார்த்தார்கள். கண்டெடுத்ததையே திரும்பத் திரும்பக் கண்டெடுத்து அந்த வழி சலித்துப்போனது. இப்போது மரபணு முழுவதையும் எழுத்தெழுத்தாக வாசித்துக் கணினியில் போடுகிறோம். மருந்து செய்யத் தெரிந்த மரபணுக்கள் பக்கத்தில் பக்கத்தில் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். மென்பொருள் அந்தக் கூட்டத்தைக் காட்டிக்கொடுக்கும். பெரும்பாலும் "இது தெரிந்த சரக்குதான்" என்று சொல்லிவிடும். எப்போதாவது எதனோடும் ஒத்துப்போகாத ஒரு கூட்டம் வரும். அன்றைக்கு நாங்கள் கேக் வெட்டுவோம். மறுநாளிலிருந்து அந்தப் பாக்டீரியா, தனக்குத் தெரிந்த மருந்தை ஆய்வகத்தில் செய்ய மாட்டேன் என்று அடம்பிடிக்கும். தீனியை மாற்றி, சூட்டை மாற்றி, பக்கத்தில் வேறொரு கிருமியை விட்டு மிரட்டி, வருடக்கணக்கில் கெஞ்ச வேண்டும். என் தலையில் பாதி முடி இதில்தான் போனது.

ஊரில் நான் "மருந்து கம்பெனியில் இருக்கிறவன்". தூரத்து மாமா ஒருவர் சர்க்கரைக்கு மாத்திரை அனுப்பச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பார். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று சொன்னால், வெளிநாடு போனதும் திமிர் வந்துவிட்டது என்பார்.

3

என் மேலாளரின் பெயர் ஹைக்கே. நல்ல பெண்மணி, கோபமே வராது. திட்டத்துக்கு வெப்பமண்டலத்து மண் வேண்டும் என்று முடிவானபோது என்னைப் பார்த்துச் சொன்னார்:

"உன் குடும்பத்து வயலிலிருந்தே எடுக்கலாமே. ஒரே நிபந்தனை, உரமோ பூச்சிமருந்தோ படாத மண்ணாக இருக்க வேண்டும்."

இந்தியாவிலிருந்து வந்த எல்லாருக்கும் ஒரு குடும்பத்து வயல் இருக்கும் என்று இங்கே நினைக்கிறார்கள். எங்கள் குடும்பத்துக்கு வயல் கிடையாது. மற்றவர்கள் வயலில் வேலை செய்தவர்கள் நாங்கள். அப்பா நாற்று முடி சுமந்தார், கரும்பு வெட்டினார், கடைசிக் காலத்தில் கல் உடைக்கும் கிரஷரில் நின்றார். அக்காவின் வீட்டுக்காரர் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறார். நான் இங்கே இருக்கிறேன். ஊரில் யார் பெயரிலும் ஒரு சென்ட் இல்லை. இதை ஹைக்கேவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், பார்க்கிறேன் என்றேன்.

உரமும் மருந்தும் படாத மண் என்பதுதான் பெரிய வேடிக்கை. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். படைப்புழு வந்ததிலிருந்து மக்காச்சோளத்துக்கு மருந்தடிக்காமல் யாராலும் இருக்க முடிவதில்லை. எந்த வயலைச் சொன்னாலும் அதில் டப்பா டப்பாவாக ஊற்றியிருப்பார்கள். யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு இடம்தான் மிஞ்சியது. ஏர் படாத, யூரியா காணாத, யாரும் வெள்ளாமை வைக்கத் துணியாத இடம். எங்கள் காலனியின் சுடுகாடு.

சுடுகாடு என்று சொல்கிறோமே தவிர, நாங்கள் எரிப்பதில்லை. புதைப்போம். கல் நடும் வழக்கமும் கிடையாது. மேட்டில் ஒரு ஆவாரஞ்செடியை வைப்போம். யார் எங்கே என்பது தெருவுக்குத் தெரியும், அது போதும் என்று இருந்தோம். என் அப்பா அங்கே இருக்கிறார். எந்த மருந்துக்கும் மசியாத கிருமியால் அவர் சாகவில்லை. அப்படிச் செத்திருந்தால் இந்தக் கதைக்குத் தோதாக இருந்திருக்கும். பஸ் ஸ்டாண்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

4

நான் இப்போது ஜெர்மன் குடிமகன். வெளிநாட்டுக்காரன் இந்திய மண்ணிலிருந்து ஒரு பாக்டீரியாவைத் தொட வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும் என்பது சட்டம். சட்டத்தில் தப்பில்லை, வெளியிலிருந்து வந்து அள்ளிக்கொண்டு போனவர்கள் நிறையப் பேர். ஆனால் அந்த விண்ணப்பத்தை நிரப்பும்போது, அப்பாவின் பக்கத்து மண்ணுக்கு நான் அந்நியன் என்று நானே கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு கதிரேசன் சாரின் கல்லூரி கூட்டாளியாகச் சேர்ந்து, உள்ளூர் ஆள் மண்ணை எடுப்பது, அங்கேயே வளர்த்து வாசிப்பது, எனக்குத் தரவு மட்டும் வருவது என்று ஏற்பாடானது. அனுமதி வருவதற்குள் என் மகள் யாழினி என் தோளுக்கு வளர்ந்துவிட்டாள்.

விடுமுறைக்குப் போயிருந்தபோது மண் எடுத்தோம். எடுத்தோம் என்பதுகூடத் தப்பு. கதிரேசன் சார் எடுத்தார், நான் விரலால் காட்டினேன். என் கை படக்கூடாது என்று அனுமதிக் கடிதத்தில் இருந்தது. அம்மா வண்டிப்பாதையிலேயே நின்றுகொண்டார்.

"அவரு மேல மட்டும் தோண்டிடாதீங்கய்யா."

"இல்லம்மா. கால்மாட்டுலதான். ஒரு சாணுகூட இல்ல."

கதிரேசன் சார் கையுறை போட்டு, ஸ்பிரிட்டில் துடைத்த கரண்டியால் மூன்று குழாய்களில் மண் அள்ளினார். பக்கத்து வயல் துரைராசுவுடையது. அவர் வரப்பில் நின்று பார்த்தார். அப்புறம் மோட்டாரைப் போட்டு, "கை கழுவிக்கங்க சார்" என்றார். கதிரேசன் சார் கழுவினார். நான் எதையும் தொடவில்லை, அதனால் கழுவவில்லை.

5

அந்த மூன்று குழாய்களில் ஒன்றிலிருந்து வளர்ந்த பாக்டீரியாவின் மரபணுவில்தான், எதனோடும் ஒத்துப்போகாத அந்தக் கூட்டம் கிடைத்தது. மென்பொருள் வெறும் கேள்விக்குறி போட்டது. கேக் வெட்டினோம். பிறகு முறைப்படி இன்னொரு அனுமதி வாங்கிப் பாக்டீரியாவையே இங்கே வரவழைத்து, கெஞ்சி, மிரட்டி, ஒரு துளி மஞ்சள் திரவத்தைக் கண்ணால் பார்த்தோம். ஆஸ்பத்திரிக் கிருமி ஒன்றை அது தட்டில் கொன்றது. தட்டில் கொல்வதெல்லாம் மருந்தாகாது. கொதிக்கும் வெந்நீரும்தான் கொல்லும். மருந்தாக இன்னும் எத்தனையோ காலமாகும், ஆகாமலே போகலாம். கட்டுரையில் இதையெல்லாம் எழுதினோம். ஊர்ப் பத்திரிகை அதையெல்லாம் விட்டுவிட்டு "உயிர்காக்கும் மருந்து" என்று போட்டது.

படத்தைப் பார்த்த அன்றே பொதுத் தரவுத்தளத்தைத் திறந்தேன். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எங்கள் பாக்டீரியாவின் மரபணுவை அதில் பார்க்கலாம். எங்கிருந்து எடுத்தது என்று ஒரு இடம் இருக்கும். பதிவேற்றியது கதிரேசன் சார். "விவசாய நிலம்" என்று இருந்தது. அதற்குக் கீழே, நன்றி: துரைராசு, நில உரிமையாளர். கதிரேசன் சாரைக் கூப்பிட்டேன்.

"சார், சுடுகாட்டு மண்ணுன்னு போட்டா நல்லாவாங்க இருக்கும்? ஒலகமே பாக்குற எடம். நாளைக்கு இந்த மருந்த மனுசன் சாப்புடணும்ல? அதான் டீசண்டா இருக்கட்டுமேன்னு போட்டேன்."

"உரிமையாளர்னு அவர் பேர ஏன் போட்டீங்க?"

"ஒரு பேரு கேக்குதுங்களே. பொறம்போக்குக்கு யாரப் போடுறது? பக்கத்து வயலு அவருது. அன்னிக்குத் தண்ணிகூட வுட்டாரு. அப்புறம்..." கொஞ்சம் இழுத்தார். "ஒங்களுக்கும் நல்லதுன்னு நெனச்சேங்க. காலனி சுடுகாடுன்னு போட்டா, கட்டுரையில ஒங்க பேரப் பாக்குறவங்க நீங்க யாரு என்னான்னு..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. என் மேல் இரக்கப்பட்டு என் அப்பாவை மக்காச்சோளக் காட்டில் சேர்த்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை என்பதுதான் இதில் எனக்கு ஆறாத எரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

6

சால்வை போர்த்திய கொஞ்ச நாளில் துரைராசு கல்லுக்கால் நட்டு முள்கம்பி இழுத்தார். சுடுகாட்டை மூன்று பக்கமும் வளைத்து, தன் வயலோடு சேர்த்து. அது பலகாலமாகத் தன் அனுபவத்தில் இருக்கும் நிலம் என்றார். அக்கா தாலுகா ஆபீசில் மனு கொடுத்தாள். அவள் அரியலூரில் தையல் கடை வைத்திருக்கிறாள். கடையைப் பூட்டிவிட்டு, வாய்தா வாய்தாவாகப் பஸ் ஏறினாள்.

"வருவாய்க் கணக்குல தரிசு பொறம்போக்குன்னுதான்டா இருக்கு. சுடுகாடுன்னு எங்கயும் இல்ல. அவன்கிட்டயும் முன்னாடி ஒரு பேப்பரு கெடையாது. இப்ப இருக்கு. வக்கீலு என்னா குடுத்தான் தெரியுமா? காலேஜுல குடுத்த சர்டிபிகேட்டு, பேப்பருல வந்த செய்தி, அப்புறம் அந்த கம்ப்யூட்டருல எடுத்த தாளு. இவன் வயலுன்னு ஒலகத்துக்கே போட்ருக்காம்ல. தாசில்தாரு அதத்தான் திருப்பித் திருப்பிப் பாக்குறாரு. ஒன் பேரும் அதுல கெடக்கு."

"நான் மாத்தச் சொல்றேங்க்கா."

"சீக்கிரம் மாத்து. அம்மா தெனம் கேக்குது. அப்பா பக்கத்துல எடம் வச்சிருக்குல்ல, அது போயிருமான்னு கேக்குது."

அப்பாவின் இடது பக்கத்தில் ஒரு ஆள் அளவுக்கு வெற்றிடம் உண்டு. அம்மா தனக்கென்று சொல்லி வைத்தது. தெருவில் எல்லாருக்கும் தெரியும், அதில் வேறு யாரையும் வைத்ததில்லை. எங்கள் குடும்பத்தில் ஒருவர் இது என் இடம் என்று சொல்லி, அதை மற்றவர்கள் ஒப்புக்கொண்டது அந்த ஒரே இடத்தைத்தான். முள்கம்பி அதன் குறுக்கே போயிருந்தது.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டும் குழிகளில், எப்போதோ கடலில் கிடந்த சிப்பியும் நத்தையும் கல்லாகிக் கிடைக்கின்றன. அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து, எங்கே எடுத்தது என்று அட்டை எழுதி ஒட்டுகிறார்கள். செத்த நத்தைக்கு முகவரி உண்டு.

தரவுத்தளத்துக்கு எழுதினேன். பதிவேற்றியவர் மட்டுமே திருத்த முடியும் என்று இயந்திரம் பணிவாகப் பதில் போட்டது. கதிரேசன் சார், "மேனேஜ்மெண்ட்ல கேக்கணுங்க, இப்பத்தான் விழா எடுத்தாங்க" என்றார். அப்புறம் என் அழைப்பை எடுப்பதை நிறுத்தினார். கடைசியில் ஹைக்கேவிடம் போனேன். முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு, எனக்கு ஒரு தேநீர் போட்டுக் கொடுத்தார்.

"மனித உடல்கள் புதைத்த இடம் என்றால் இது அறநெறிக் குழுவுக்குப் போகும். அதுவரை பாக்டீரியாவைப் பூட்டி வைக்க வேண்டியிருக்கும். உன் ஒப்பந்தம் இந்தத் திட்டத்தோடுதான் முடிகிறது, அது உனக்கே தெரியும். திருத்தம் வேண்டுமென்றால் எழுத்தில் கொடு. யோசித்துக் கொடு."

யோசித்தேன். பொய் சொல்ல மாட்டேன், நிறையவே யோசித்தேன். வீட்டுக் கடன் இருக்கிறது, இந்த வயதில் எனக்கு வேறு வேலை இங்கே யாரும் தர மாட்டார்கள். ஆனால் அம்மா தினமும் கேட்பதாக அக்கா சொன்னது காதில் இருந்தது. எழுதினேன். என் ஜெர்மன் இன்றைக்கும் நொண்டும். பதற்றம் வந்தால் மண் என்பதற்குப் பதில் அழுக்கு என்ற சொல் வாயில் வந்துவிடும். அதனால் யாழினியைத் திருத்தித் தரச் சொன்னேன். அவளுக்குப் பதினைந்து வயது. தமிழ் புரியும், ஜெர்மனில் பதில் சொல்லுவாள். சிவப்புப் பேனாவை எடுத்து என் பிழைகளைச் சுழித்துக்கொண்டே வந்தவள், பாதியில் நிமிர்ந்தாள்.

"இங்கேயும் கல்லறையைக் குறிப்பிட்ட வருடத்துக்குத்தான் கொடுப்பார்கள். அப்புறம் எடுத்துவிட்டு வேறொருவருக்குக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியின் கணவருக்குக்கூட அப்படித்தான். யாரும் அழவில்லையே."

"இங்கே அவர்களாக விட்டுக்கொடுக்கிறார்கள். அங்கே பிடுங்குகிறார்கள்."

அவள் குனிந்து இன்னொரு பிழையைச் சுழித்தாள். கடைசிப் பத்திக்கு வந்தபோது மறுபடி கேட்டாள்.

"அப்படியென்றால் அந்தப் பாக்டீரியா தாத்தாவைத் தின்றதா?"

குறும்புக்குக் கேட்கவில்லை. உயிரியல் வகுப்பில் படிக்கிறாள், தெரிந்துகொள்ளக் கேட்டாள். மக்கியதைத் தின்றுதான் அது வாழ்கிறது. ஆம் என்பதுதான் சரியான பதில். நான் கடிதத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

7

அறநெறிக் குழு கூடும் வரை எதையும் திருத்த முடியாது என்று பதில் வந்தது. தாலுகா ஆபீசுக்கு நான் தனியாக அனுப்பிய கடிதத்துக்கு, வெளிநாட்டுக் குடிமகன் நேரில் ஆஜராகிச் சொல்ல வேண்டும் என்றார்கள். அவர்கள் சொன்ன வாரமும் குழு என்னை விசாரிக்கக் கூப்பிட்ட வாரமும் ஒன்றாக வந்தன. நான் போகவில்லை. குழுவின் முன்னால் உட்கார்ந்து, நல்ல தமிழ்ப் பையனாக, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன்.

அந்த வாரம்தான் தாலுகா ஆபீசில் பேச்சு முற்றியது. கல் இல்லை, போர்டு இல்லை, கணக்கில் இல்லை, ஆள் புதைத்ததற்கு என்ன சாட்சி என்று கேட்டிருக்கிறார்கள். தோண்டிக் காட்டுகிறோம் என்று எங்கள் தெருக்காரர் யாரோ ஆத்திரத்தில் கத்தியிருக்கிறார். சரி, காட்டுங்கள் என்று நாள் குறித்துவிட்டார்கள். அன்று சாயங்காலம் தெருவில் கூட்டம் போட்டார்கள். யாரைத் தோண்டுவது என்ற கேள்வி வந்ததாம். எந்த வீட்டிலும் தங்கள் ஆளைக் கொடுக்கத் தயாரில்லை. கடைசியில் ஒருவர் சொல்லியிருக்கிறார்.

"மண்ணு பேச்ச எடுத்தது ஒங்க வூடு. அந்தக் காலேஜு ஆள இங்க கூட்டியாந்தது ஒங்க வூடு. ஒங்க ஆளயே தோண்டுங்க. அதுதான் ஞாயம்."

ஞாயம்தான். அக்கா ஒப்புக்கொண்டாள்.

குறித்த நாளில் நான் ஆய்வகத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றேன். இங்கே காலை, அங்கே வெயில் ஏறிவிட்டது. அக்கா வீடியோவில் வந்தாள். பின்னால் தாலுகா ஆபீசிலிருந்து வந்த ஆர்.ஐ., ஊர் வி.ஏ.ஓ., கொஞ்சம் தள்ளித் துரைராசு. அன்றைக்கும் வெள்ளை வேட்டிதான்.

"பொம்பள இங்க வரலாமான்னு ஒருத்தன் கேட்டான்டா. மனு குடுத்தவ நானு, நான் வராம யாரு வருவான்னேன். சரி, எடத்தச் சொல்லு. செடியெல்லாம் மண்டிக் கெடக்கு. நீதான் கடைசியா இங்க காட்டுனது."

காட்டினேன். ஆவாரஞ்செடிக்கு இந்தப் பக்கம். இன்னும் கொஞ்சம் மேற்கே. அவ்வளவு வேண்டாம், அது அம்மாவுக்கு வைத்திருக்கிற இடம். அங்கேதான், அங்கே. மண்வெட்டி இறங்கியது. சைக்கிளைப் பூட்ட வந்த சக ஊழியர் ஒருவர் என்னைப் பார்த்துச் சிரித்து, காலை வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். அந்த நேரத்தில் எனக்கு அது வாயில் சரியாக வந்ததை நினைத்தால் இன்றைக்கும் என்னைப் பிடிக்கவில்லை.

இடுப்பளவு போனதும் வெட்டியவர் கையைத் தூக்கினார். குனிந்து விரலால் மண்ணைத் தள்ளினார். மங்கலான பழுப்பில் ஒன்று நீளமாகத் தெரிந்தது. கையா காலா என்று எனக்குத் தெரியவில்லை.

"போதும், போதும். மூடிடுங்க" என்றார் ஆர்.ஐ. அந்தக் குரலில் சங்கடம் இருந்தது. அவர் மட்டும்தான் செருப்பைக் கழற்றியிருந்தார் என்று அக்கா பிறகு சொன்னாள்.

8

ஜெயித்துவிட்டோம். முள்கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள். கணக்கில் சுடுகாடு என்று சேர்ப்பதற்கு எழுதியிருக்கிறார்களாம், வந்துகொண்டே இருக்கிறதாம். துரைராசுவிடம் சால்வையை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பாக்டீரியா இங்கே உறைபெட்டியில், சிவப்பு ஒட்டுத்தாளோடு பூட்டிக் கிடக்கிறது. இறந்தவரின் குடும்பத்தார் சம்மதம் இருந்ததா என்று குழு கேட்கிறது. குடும்பத்தார் நான்தான் என்றேன். எடுத்தபோது நீங்கள் சம்மதம் கொடுத்ததற்கு எழுத்துபூர்வமாக என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள். ஹைக்கே என் ஒப்பந்தத்தை நீட்டிக்க முயல்வதாகச் சொல்கிறார். முயல்கிறேன் என்று இங்கே சொன்னால் என்ன அர்த்தம் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாதா? மற்ற மண்களிலிருந்து வந்த மரபணுக்களை வாசித்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் தெரிந்த சரக்குதான்.

தோண்டிய அன்று அம்மா சுடுகாட்டுப் பக்கமே போகவில்லை. அக்காவோடு அரியலூருக்குப் போய்விட்டார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நான் கூப்பிடும்போதெல்லாம் தூங்குவதாக அக்கா சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவே கூப்பிட்டார்.

"சாப்ட்டியாய்யா?"

"ஆச்சும்மா. நீங்க?"

"ஆச்சு." தையல் மிஷின் ஓடும் சத்தம் பின்னால் கேட்டது. "ஒருக்கா ஒனக்குன்னு தோண்டுனாங்க. ஒருக்கா அவனுக்குன்னு தோண்டுனாங்க. ஒங்கப்பன் உசுரோட இருந்தப்பவும் ஒரு நாளு அக்கடான்னு படுக்க வுடல யாரும். செத்தும் வுடல."

"இனி யாரும் தொட மாட்டாங்கம்மா. எடம் நம்மளுதுன்னு சொல்லிட்டாங்க. ஒங்க எடமும் அப்புடியே இருக்கு."

"இருக்கட்டும்." அம்மாவின் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "பெரம்பலூருல கரண்டு சுடுகாடு கட்டிருக்காங்களே, அதுல வச்சா என்னா மிஞ்சும்?"

"சாம்பல்தாம்மா. எதுக்கு இப்ப அதெல்லாம்?"

"கேட்டதுக்குச் சொல்லு. நீ படிச்சவன். அந்தச் சாம்பல்ல ஒன் பூச்சிங்க எதுனா உசுரோட இருக்குமா?"

என் வாழ்க்கையில் முதன்முறையாக அம்மா என் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டார். அதற்குப் பதிலும் எனக்குத் தெரிந்திருந்தது.

"இருக்காதும்மா. அந்தச் சூட்டுல எதுவும் தங்காது."

"தேடி எவனும் வர மாட்டான்ல?"

"வர மாட்டாங்க."

"அப்ப என்னைய அதுலயே போட்டுருங்க. அக்காகிட்ட சொல்லிட்டேன். ஒன்கிட்டயும் சொல்லிட்டேன்."